அரிய படியும் அதன் அறமும்: பேசாப்பட நகைச்சுவைச் சேகரிப்பை முன்வைத்து

முன்னுரை

பொருள்களைத் தேடிச் சேர்த்தல் மனித இயல்புகளுள் ஒன்றாகும். நாணயம், அஞ்சல்தலை, நூற்படி, ஓவியம் எனச் சேர்க்கப்படும் பொருள் எதுவாயினும், சேர்ப்பவருக்கும் அதற்கும் உள்ள உறவு தனிமனிதச் சுவையைச் சார்ந்ததாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. அவ்வுறவின்கண் அறவியல் வினா எழுப்பப்படுவது அரிது. ஆயின், சேர்க்கப்படும் பொருள் பலர் கூடியிருந்து சிரிப்பதற்கென்றே ஆக்கப்பட்டதாகவும், உலகில் அதற்கு வேறு படியே இல்லாததாகவும் அமையுமாயின் நிலை வேறாகிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 1930க்கு முன் உருவாக்கப்பட்ட பேசாப்பட நகைச்சுவைச் சுருள்கள் இத்தகைய பொருள்களாகும். இவற்றைத் தேடி வாழ்நாளைச் செலவிட்டோர் பலர். அவர்களை ஈர்த்தது யாது? எஞ்சிய ஒரே படியைத் தம் வசம் வைத்திருப்பவர் அதன் உடைமையாளரா, காப்பாளரா? இவ்விரு வினாக்களையும் இக்கட்டுரை ஒருங்கே ஆராய்கிறது. இரண்டாம் வினாவுக்கான விடை முதல் வினாவின் விடையிலேயே அடங்கியுள்ளது என்பது இதன் கருதுகோளாகும்.

அழிவின் அளவு

சேகரிப்பாளரின் வேட்கையை அறிய, முதற்கண் அழிவின் அளவை அறிதல் வேண்டும். 1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் வெளியான முழுநீளப் பேசாப்படங்கள் 10,919 என்றும், அவற்றுள் முதலில் வெளியான 35 மி.மீ. வடிவிலேயே முழுமையாக எஞ்சியுள்ளவை 14 விழுக்காடு மட்டுமே என்றும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வு தெரிவிக்கிறது. ஏறத்தாழ 70 விழுக்காட்டுப் படங்கள் முற்றிலும் மறைந்துவிட்டன. ஒன்றிரண்டு சுருள்களில் அடங்கும் குறும்படங்கள் இக்கணக்கில் சேரா. நகைச்சுவைப் படங்களுள் பெரும்பகுதி குறும்படங்களே என்பது இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது.

அழிவுக்குக் காரணங்கள் பலவாகும். அக்காலத் திரையரங்கப் படிகள் நைட்ரேட் சுருளில் அச்சிடப்பட்டன. அச்சுருள் எளிதில் தீப்பற்றும் தன்மையது. தீயிலிருந்து தப்பினும் நாளடைவில் பிசுபிசுத்து, குமிழியிட்டு, இறுதியில் பொடியாகிவிடும். 1937இல் நியூஜெர்சி மாநிலத்தின் லிட்டில் ஃபெர்ரி என்னுமிடத்தில் ஃபாக்ஸ் நிறுவனத்தின் கிடங்கு எரிந்தபோது அந்நிறுவனத்தின் பேசாப்படங்களுள் பெரும்பாலானவை அழிந்தன. தம் படங்களைத் தாமே பேணிக் காத்த நகைச்சுவைக் கலைஞர் ஹாரால்டு லாயிட்டின் இல்லக் கிடங்கிலும் 1943இல் தீப்பற்றியது. அவருடைய தொடக்ககாலப் படங்கள் பல அதில் மறைந்தன.

தீயைவிடப் பெரிய காரணம் புறக்கணிப்பாகும். பேசும்படம் வந்தபின் பேசாப்படத்திற்குச் சந்தை மதிப்பு இல்லாதொழிந்தது. சுருளிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகவே படிகள் உருக்கப்பட்டன. நகைச்சுவைக் குறும்படமோ தன் காலத்திலேயே முதன்மைப் படத்திற்கு முன்னர்க் காட்டப்படும் துணைப் பண்டமாகவே கருதப்பட்டது. அதனைக் காக்க வேண்டும் என்னும் எண்ணம் அதனை ஆக்கிய நிறுவனங்களுக்கே தோன்றவில்லை. எனவே, பிறர் குப்பை என ஒதுக்கியதைச் செல்வம் எனக் கண்ட கண்களே சேகரிப்பாளரின் கண்கள் எனலாம்.

ஈர்ப்பின் இயல்பு: மெய்யின்கண் தோன்றும் நகை

எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைக்கும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், அதற்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. சொல்லின் துணையின்றி உடலால் மட்டுமே நகை விளைவித்த பேசாப்படக் கலைஞர்களிடம் இந்நான்கும் தனித்தனியே தெளிவுறக் காணக் கிடைக்கின்றன. கீஸ்டோன் நிறுவனத்தின் காவலர் கூட்டம் விழுந்தெழுந்து ஓடுவது அதிகாரத்தின் மீதான எள்ளல். குழந்தை முகத்துடன் உலகை வியந்து நிற்கும் ஹாரி லாங்டனிடம் வெளிப்படுவது இளமை. நடந்தது இன்னதென்று அறியாது தலையைச் சொறியும் ஸ்டான் லாரலிடம் காணப்படுவது பேதைமை. மடன் என்பதைப் பிறர் கொளுத்தியதைக் கொண்டு, கொண்டதை விடாமை என உரையாசிரியர் விளக்குவர். 'ஷெர்லாக் ஜூனியர்' (1924) படத்தில், துப்பறிவாளர் கையேட்டில் சொல்லியபடி ஐயத்திற்குரியவனை நெருங்கித் தொடர வேண்டும் என்பதற்காக அவன் பின்னாலேயே ஒட்டி நடக்கும் பஸ்டர் கீட்டன் இதற்குத் தக்க சான்றாவார்.

மெய்ப்பாடு என்னும் சொல் மெய்யின்கண் தோன்றுவதைக் குறிப்பது. பேசாப்பட நகைச்சுவையின் ஈர்ப்பும் இங்கேதான் உள்ளது. 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' (1928) படத்தில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுவதும் கீட்டன் மீது சாய்கிறது. மேல்தளச் சாளரத்தின் திறந்த இடைவெளி அவர் நிற்கும் இடத்தில் சரியாகப் பொருந்துவதால் அவர் உயிர் பிழைக்கிறார். சுவர் மெய்யானது, அதனடியில் நின்ற உடலும் மெய்யானது. சில அங்குலம் பிசகியிருப்பின் படம் இராது, நடிகரும் இரார். ஹாரால்டு லாயிட் 1919இல் ஒரு வெடிவிபத்தில் வலக்கைக் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் இழந்தவர். இழப்பை மறைக்கும் கையுறையுடனேயே 'சேஃப்டி லாஸ்ட்' (1923) படத்தில் கட்டடத்தின் உச்சியிலுள்ள கடிகார முள்ளைப் பற்றித் தொங்குகிறார். அக்காட்சியில் உயரத்தை மிகுத்துக் காட்டும் உத்திகள் கையாளப்பட்டன என்பது உண்மையே. எனினும் தொங்கிய கை ஊனமுற்ற கை என்பதில் ஐயமில்லை.

ஆகவே இச்சுருள், கற்பனைக் கதையின் பதிவாக இருப்பதோடு, ஒரு நாளில் ஓரிடத்தில் ஒருவர் உடல் மெய்யாகச் செய்த செயலின் சான்றாகவும் விளங்குகிறது. நாவல் அழிந்தால் கதையை மீண்டும் சொல்ல இயலும். இச்சுருள் அழிந்தால் அச்செயல் நிகழ்ந்தது என்பதற்கான ஒரே சாட்சியும் அழிகிறது. சேகரிப்பாளர் சுருளின் சரியான ஓட்டவேகத்தைப் பற்றிக் கவலைப்படுவதும் இதனால்தான். கையால் சுழற்றி எடுக்கப்பட்ட படங்களைப் பேசும்படத்தின் வேகத்தில் ஓட்டும்போது உடலின் உண்மை குலைந்து, மனிதர் பொம்மைகளாகிவிடுகின்றனர்.

படியும் மூலமும்

சேகரிப்பாளர் உடைமையாகக் கொள்வது எதனை? ஓவியத்தைச் சேர்ப்பவர் மூல ஓவியத்தையே கொள்கிறார். திரைப்படத்தில் அத்தகைய ஒற்றை மூலம் இல்லை. ஒரே காட்சியை இரு ஒளிப்படக் கருவிகளால் எடுத்து, உள்நாட்டுக்கு ஒன்றும் அயல்நாட்டுக்கு ஒன்றுமாக இரு நெகட்டிவ் சுருள்களை உருவாக்கும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. மறுவெளியீட்டின்போது இடையெழுத்துகள் மாற்றப்பட்டன, காட்சிகள் குறைக்கப்பட்டன. சுவடிப் பதிப்பில் பாடவேறுபாடு, இடைச்செருகல், ஏடு சிதைவு என அறியப்படும் சிக்கல்கள் அனைத்தும் சுருள்களிலும் உள்ளன. சேகரிப்பாளரிடம் இருப்பது படைப்பு அன்று. படைப்பின் ஒரு படி. காப்புரிமையும் அவருடையது அன்று.

இப்படிகளின் வரலாற்றில் ஒரு முரண் உள்ளது. 1922இல் பாத்தே நிறுவனம் 9.5 மி.மீ. அளவிலும், 1923இல் கோடாக் நிறுவனம் 16 மி.மீ. அளவிலும் இல்லங்களில் ஓட்டத்தக்க சுருள்களை அறிமுகப்படுத்தின. வீட்டில் தீ விபத்து நேரக் கூடாது என்பதால் இவை எளிதில் எரியாத சுருளில் அச்சிடப்பட்டன. படத்தின் தெளிவில் இவை தாழ்ந்தவை, பெரும்பாலும் சுருக்கப்பட்டவை. எனினும் உயர்ந்த படிகள் எரிந்தும் பொடிந்தும் போனபின் எஞ்சியவை பல நேரங்களில் இத்தாழ்ந்த படிகளே. பிற்காலத்தில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலிருந்து பிளாக்ஹாக் ஃபிலிம்ஸ் நிறுவனம் லாரல்–ஹார்டி, சாப்ளின் முதலியோர் படங்களை 8 மி.மீ., 16 மி.மீ. சுருள்களில் அஞ்சல்வழி விற்றது. எளிய வருவாயினரும் ஒரு நகைச்சுவைப் படத்தைச் சொந்தமாக்கிக்கொள்ள முடிந்தது. ஒரு சுருள் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடும். அதில் ஒரு துண்டு மட்டும் கிடைத்தாலும் சிரிப்பு குறைவதில்லை. துன்பியல் படத்தின் துண்டு பொருளற்றுப் போகலாம். நகைச்சுவையின் துண்டு தன்னளவில் நிறைவுடையதாக நிற்கிறது. நகைச்சுவைச் சுருள்கள் சேகரிப்பாளரிடம் மிகுதியாகச் சென்றடைந்தமைக்கு இவ்வடிவ இயல்பும் ஒரு காரணமாகும்.

ஒரு படியின் வரலாறு

லாரல்–ஹார்டி இணையரின் 'தி பேட்டில் ஆஃப் தி செஞ்சுரி' (1927) இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அதன் இரண்டாம் சுருளில், ஒரு தெரு முழுவதும் உள்ளோர் ஒருவர் மீது ஒருவர் கிரீம் பண்டங்களை எறிந்துகொள்ளும் பெரும்போர் இடம்பெறுகிறது. எறியப்பட்டவை மூவாயிரம் எனச் சொல்லப்படுவதுண்டு. ராபர்ட் யங்சன் 1957இல் வெளியிட்ட 'தி கோல்டன் ஏஜ் ஆஃப் காமெடி' என்னும் தொகுப்புப் படத்தில் அப்போரின் சில நிமிடங்களைச் சேர்த்தார். அதன்பின் இரண்டாம் சுருளின் முழுவடிவம் மறைந்ததாகவே கருதப்பட்டது. பல பதிற்றாண்டுகள் உலகம் அறிந்தது அச்சில நிமிடங்களை மட்டுமே.

2015ஆம் ஆண்டு ஜூன் திங்களில், அச்சுருளின் முழுமையான 16 மி.மீ. படி ஒரு தனியார் சேகரிப்பில் அடையாளம் காணப்பட்ட செய்தி வெளியாயிற்று. யங்சனிடம் இருந்த அப்படி, அவருக்குப்பின் வேறொரு சேகரிப்பாளரிடமும், அவரிடமிருந்து மற்றொருவரிடமும் சென்று சேர்ந்திருந்தது. 2020இல் அப்படம் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. 2023 தொடக்கத்தில் அந்நாட்டில் அதன் காப்புரிமைக் காலம் முடிந்து பொதுவுடைமையாயிற்று. புதுப்பிக்கப்பட்ட வடிவில் இன்னும் ஒரு சிறு காட்சி நிழற்படங்களாலேயே நிரப்பப்பட்டுள்ளது.

இந்நிகழ்வு இருவகைத் தீர்ப்புக்கு இடந்தருகிறது. சேகரிப்பாளர்கள் இல்லையெனில் அப்படி இல்லை என்பது ஒன்று. அப்படி அலமாரிகளில் உறங்கிய ஆண்டுகளில் அதனைக் காணாமலே ஒரு தலைமுறை மறைந்தது என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையே. ஆயின் இவ்விரண்டாம் உண்மைக்கு யாரையும் எளிதில் குறைகூற இயலாது. தம்மிடம் இருப்பது ஒரே படி என்பதை அதனை வைத்திருந்தோர் அறிந்திருக்க வேண்டும் என்னும் கட்டாயமில்லை. இவ்விடத்தில்தான் அறவியல் வினா கூர்மை பெறுகிறது.

குறையும் படி, வளரும் கடமை

ஒரு படத்திற்கு நூறு படிகள் இருக்கும்போது அவற்றுள் ஒன்றை வைத்திருப்பவர் அதனைப் பூட்டிவைக்கலாம், யாருக்கும் இழப்பில்லை. பிற படிகள் ஒவ்வொன்றாக அழிந்து, அவரிடம் உள்ளதே இறுதிப்படி என்னும் நிலை வரும்போது, அவர் யாதொன்றும் செய்யாமலே அவருடைய அறநிலை மாறிவிடுகிறது. நேற்றுவரை தீங்கற்றதாக இருந்த பூட்டு இன்று ஒரு படைப்பை உலகினின்றும் மறைக்கும் பூட்டாகிறது. படிகள் குறையக் குறைய உரிமை சுருங்கிக் கடமை பெருகுகிறது எனலாம்.

இதனை மறுப்போர், தாம் செய்யாத செயலால் ஒருவருக்குக் கடமை எவ்வாறு தோன்றும் என வினவக்கூடும். இதற்குச் சாட்சியின் நிலை விடை தருகிறது. ஒரு நிகழ்வைப் பலர் கண்டிருப்பின் அவர்களுள் ஒருவர் பேசாதிருக்கலாம். மற்றையோர் இறந்துபட்டு ஒருவரே எஞ்சுவாராயின், பேச வேண்டிய பொறுப்பு அவர் விரும்பாமலே அவர் மீது சேர்கிறது. பேசாப்பட நகைச்சுவைச் சுருள் உடல்சார்ந்த ஒரு நிகழ்வின் சாட்சி என மேலே காட்டப்பட்டது. எனவே அதனை வைத்திருப்பவரின் பொறுப்பும் சாட்சியின் பொறுப்பை ஒத்ததேயாம்.

சேகரிப்பாளரின் உள்ளத்தில் உள்ள சிக்கலும் இங்கு வெளிப்படுகிறது. அவர் பெரிதும் விரும்புவது அரியதையே. லாரல்–ஹார்டி அன்பர்கள் இன்றளவும் தேடுவது 'ஹேட்ஸ் ஆஃப்' (1927) என்னும் படத்தை. துணி துவைக்கும் இயந்திரத்தை இருவரும் நெடும்படிக்கட்டில் சுமந்தேறும் அப்படத்தின் ஒரு படியும் கிடைத்ததாகத் தெரியவில்லை. அதே கருவை விரித்து எடுக்கப்பட்ட 'தி மியூசிக் பாக்ஸ்' (1932) ஆஸ்கார் விருது பெற்று எங்கும் கிடைக்கிறது. எனினும் தேடலின் சுடர் கிடைக்கும் படத்தின் மீது விழுவதில்லை. கிடைக்காத படத்தின் மீதே விழுகிறது. அருமை மிகுதோறும் தனியே கொள்ள வேண்டும் என்னும் ஆசை மிகுகிறது. அதே அருமை மிகுதோறும் தனியே கொள்ளும் உரிமையோ குறைகிறது. சேகரிப்பாளர் எதனை மிக விரும்புகிறாரோ அதனையே தனியே கொள்ளும் தகுதி அவருக்கு மிகக் குறைவு. சேகரிப்பின் அறச்சிக்கல் முழுவதும் இம்முரணில் அடங்கும்.

பற்றும் பயனும்

பற்று இழிவானது என ஒதுக்கிவிடின் வரலாறு அதனை ஏற்காது. பற்றற்றோர் இச்சுருள்களைக் காக்கவில்லை. இதற்கு ரேமண்ட் ரொஹாவர் என்பவரின் வாழ்வு சான்றாகும். பஸ்டர் கீட்டன் முன்பு வாழ்ந்த மாளிகையை வாங்கிய நடிகர் ஜேம்ஸ் மேசன் அங்கே கீட்டனின் பழைய படச்சுருள்களைக் கண்டெடுத்தார். 1954இல் கீட்டனைச் சந்தித்த ரொஹாவர், அழியும் நைட்ரேட் சுருள்களைப் பாதுகாப்பான சுருளுக்கு மாற்றும் பணியில் ஈடுபட்டார். கீட்டனின் படங்கள் மீண்டும் உலகெங்கும் திரையிடப்பட்டன. 1965இல் வெனிஸ் திரைப்பட விழாவில் அவையோர் எழுந்து நின்று கீட்டனைப் பாராட்டினர். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அவர் மறைந்தார். தம் வாழ்நாளிலேயே அப்பாராட்டைப் பெற அவருக்கு வாய்த்தது. மறுபுறம், பல படங்களின் மீது ரொஹாவர் கொண்டாடிய உரிமைகள் பெரும் வழக்குகளுக்கும் கண்டனங்களுக்கும் உள்ளாயின. காத்தவரும் அவரே, காத்ததன் மீது வேலியிட்டவரும் அவரே.

அவர் வசம் இருந்த மற்றொரு தொகுதி இன்னும் கடினமான வினாவை எழுப்புகிறது. சார்லி சாப்ளின் 1916–17ஆம் ஆண்டுகளில் எடுத்த குறும்படங்களின் ஒதுக்கப்பட்ட காட்சித் துண்டுகள் அவை. தம் செய்முறை வெளிப்படுவதைச் சாப்ளின் விரும்பியவரல்லர். அத்துண்டுகளைக் கொண்டு கெவின் பிரவுன்லோ, டேவிட் கில் ஆகியோர் 1983இல் 'அன்னோன் சாப்ளின்' என்னும் ஆவணத்தொடரை உருவாக்கினர். ஒரு நகைச்சுவை எத்தனை தோல்விகளுக்குப்பின் பிறக்கிறது என்பதை உலகம் அதன்வழியே கண்டது. ஆக்கியோனின் விருப்பத்தை மீறிக் காப்பது அறமாகுமா? பொதுமக்களுக்கென வெளியிடப்பட்ட படைப்பின் மீது மக்களுக்குள்ள உரிமை, வெளியிடப்படாத முயற்சியின் மீது இல்லை. எனவே இங்குப் பயன் பெரிதாயினும் அறம் ஐயத்திற்கிடமாகவே நிற்கிறது. பயன் விளைந்தமையால் செயல் தூயதாகிவிடாது. செயல் தூயதன்மையால் பயன் பொய்யாகிவிடவும் செய்யாது. இவ்விரண்டையும் ஒன்றால் ஒன்றை மறைக்காது ஏற்பதே நேர்மையான நிலைப்பாடாகும்.

தனிநகையும் பொதுநகையும்

பிரெஞ்சு மெய்யியலாளர் ஆன்ரி பெர்க்சன் 1900இல் வெளியிட்ட 'சிரிப்பு' என்னும் நூலில், சிரிப்புக்கு எதிரொலி தேவை என்றும், அது எப்போதும் ஒரு குழுவின் சிரிப்பே என்றும் வாதிடுகிறார். இக்கருத்து நகைச்சுவைச் சுருளின் இயல்பை விளக்குகிறது. அரங்கில் நூற்றுவர் சிரிக்கும் இடத்தில், தனியறையில் ஒருவர் புன்முறுவல் பூப்பதோடு அமைகிறார். பேசாப்படக் கலைஞர்கள் முன்னோட்டக் காட்சிகளில் அவையோர் சிரிக்கும் இடத்தையும் அளவையும் கவனித்தே படத்தைத் திருத்தினர். லாயிட் இதில் மிகுந்த கருத்துச் செலுத்தியவர். ஆகவே அவையின் சிரிப்பு படத்திற்குப் புறம்பானதன்று. படத்தை உருவாக்கிய கூறுகளுள் ஒன்றாகும். ஒருவரே பார்க்கும் நகைச்சுவைப் படி, இயல்பிலேயே பாதி குறைந்த படியாகும்.

திரைப்படக் காப்பக வரலாற்றில் புகழ்பெற்ற கருத்துவேறுபாடு ஒன்றும் இதனோடு தொடர்புடையது. 1936இல் பாரிசில் பிரெஞ்சுத் திரைப்படக் காப்பகத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரான ஹென்றி லாங்லுவா, படங்களைத் திரையிடுவதே அவற்றை வாழவைப்பது எனக் கொண்டார். பிரித்தானியத் தேசியத் திரைப்பட நூலகத்தைப் பேணிய எர்னஸ்ட் லிண்ட்கிரென், ஒரே படியை ஓட்டித் தேய்ப்பது வருங்காலத்திற்கு இழைக்கும் தீங்கு எனக் கருதினார். முன்னவர் பலரைக் காணச் செய்தார். ஆயினும் அவர் மறைவுக்குப்பின் 1980இல் பாரிசுக்கு அருகில் அக்காப்பகத்தின் கிடங்கொன்று எரிந்து பல படங்கள் அழிந்தன. பின்னவர் பலவற்றைக் காத்தார். ஆயினும் காண விழைந்தோர் பலர் ஏமாற்றமுற்றனர். இன்று படியெடுத்தல் எளிதாகியுள்ளதால் இருவர் கூற்றையும் ஒருசேர நிறைவேற்ற இயலும். மூலப்படி குளிர்ந்த அறையில் உறங்க, அதன் நகல் மக்களிடையே உலவலாம். எனவே பூட்டிவைப்பதற்கு முன்பு கூறப்பட்ட நியாயங்களுள் ஒன்று இன்று வலுவிழந்துவிட்டது.

எனினும் சமூகத்திற்கும் கடமையுண்டு. பட நிறுவனங்கள் படிகளை விற்காது வாடகைக்கே விட்டமையால், தனியார் கையிலுள்ள திரையரங்கப் படி திருட்டுப்பொருள் என்னும் ஐயத்துக்கு உள்ளாயிற்று. 1974இல் நடிகர் ராடி மெக்டவலின் இல்லத்தில் அமெரிக்கக் கூட்டரசுப் புலனாய்வுத் துறையினர் நுழைந்து அவர் சேகரிப்பைக் கைப்பற்றினர். அவர் மீது வழக்குத் தொடரப்படவில்லை. ஆயினும் சேகரிப்பாளரிடையே அச்சம் பரவியது. அச்சத்தால் மறைப்பவரை மறைத்தமைக்காகப் பழிப்பது முறையன்று. கொடுப்பவருக்குக் காவல் அளிக்காத சமூகம் கொடையை எதிர்பார்க்க இயலாது.

இதற்கு நல்லதொரு மாற்று வழியை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2012 முதல் தன் கல்பெப்பர் வளாகத்தில் நடத்திய பயிலரங்கு காட்டியது. பெயர் அறியப்படாத சுருள்கள் அங்குத் திரையிடப்பட்டன. கூடியிருந்த சேகரிப்பாளரும் ஆய்வாளரும் நடிகரின் முகம், ஊர்தியின் பதிவெண், தெருவின் அமைப்பு ஆகியவற்றைக் கண்டு உரக்கக் கூவி அடையாளம் கூறினர். மேற்குறித்த 2015ஆம் ஆண்டுச் செய்தி வெளியானதும் அப்பயிலரங்கிலேயே. தனித்தனியே சேர்த்த அறிவு அங்குப் பொது அறிவாயிற்று. சிரிப்பும் பொதுச் சிரிப்பாயிற்று.

பழிக்கப்பட்டோரும் மறக்கப்பட்டோரும்

எல்லாச் சிரிப்பும் நன்று என்று கொள்ள இயலாது. கறுப்பின மக்களையும் குடியேறியோரையும் இழிவுபடுத்தும் காட்சிகள் அக்கால நகைச்சுவையில் மிகுதி. எள்ளல் அதிகாரத்தை நோக்கும்போது விடுதலையாகவும், எளியோரை நோக்கும்போது கொடுமையாகவும் அமைகிறது. இத்தகைய படங்களைக் காத்தல் வேறு. கேளிக்கைக்கெனக் காட்டுதல் வேறு. கொடுமையின் சான்றையும் அழிக்காது காத்து, விளக்கத்தோடு முன்வைப்பதே காப்பாளரின் கடமையாகும். வெட்டித் திருத்துவோர் தம் முன்னோரின் குற்றத்திற்குத் தடயமின்மையை உருவாக்கித் தருவோராவர்.

மறுபுறம், அநீதியாக மறைக்கப்பட்ட சிரிப்பும் உண்டு. ராஸ்கோ ஆர்பக்கிள் 1921இல் ஒரு பெண்ணின் இறப்புத் தொடர்பாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, 1922 ஏப்ரலில் மூன்றாம் விசாரணையில் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். அதன்பின் ஒரு வாரத்திற்குள் அவர் படங்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் தடை நீங்கியும் அவர் வாழ்வு பழைய நிலையை எய்தவில்லை. கீட்டனோடு அவர் நடித்த 'தி குக்' (1918) மறைந்துபோயிருந்து, 1998இல் நார்வே நாட்டுக் காப்பகத்தில் கண்டெடுக்கப்பட்டது. நீதிமன்றம் விடுவித்தும் சந்தை விடுவிக்காத ஒருவருக்கு அயல்நாட்டுத் தகரப்பெட்டியொன்று தாமதமாக நீதி வழங்கியது எனலாம்.

மாக்ஸ் லிண்டரின் மகள் மோட் லிண்டரின் தேடல் இவை யாவற்றினும் நெஞ்சைத் தொடுவது. சாப்ளினுக்கு முன்னரே உலகப் புகழ்பெற்ற அப்பிரெஞ்சு நகைச்சுவைக் கலைஞரும் அவர் மனைவியும் 1925இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டபோது மகள் ஒன்றரை வயதும் நிரம்பாத குழந்தை. தந்தையின் முகம் அவருக்கு நினைவில் இல்லை. வளர்ந்தபின் தந்தையின் சுருள்களைத் தேடித் திரட்டி, 1963இல் ஒரு தொகுப்புப் படத்தையும் 1983இல் ஓர் ஆவணப் படத்தையும் உருவாக்கினார். 2017இல் மறையும்வரை அப்பணி தொடர்ந்தது. உலகம் சிரித்த முகத்தில் ஒரு மகள் தந்தையைத் தேடினாள். தனக்கே உரியது எனச் சொல்ல உலகில் எவருக்கேனும் உரிமை இருந்திருப்பின் அவருக்கு இருந்திருக்கும். அவரோ கிடைத்ததைத் திரையில் இட்டு அனைவருக்கும் உரியதாக்கினார்.

சேகரிப்பாளர் இல்லாத நாடு

சேகரிப்பு மரபு வேரூன்றாத இடத்தில் விளைவு யாதாகும் என்பதற்கு இந்தியாவே சான்று. இந்நாட்டில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட பேசாப்படங்கள் எடுக்கப்பட்டன. எஞ்சியவை மிகச் சிலவே. 1910களின் பிற்பகுதியில் சென்னையில் ஆர். நடராச முதலியார் உருவாக்கிய 'கீசக வதம்' கிடைக்கவில்லை. வங்காள நகைச்சுவைப் படமான 'ஜமாய் பாபு' (1931) தப்பிப் பிழைத்த அரிய ஒன்று. கல்கத்தாவுக்கு வரும் நாட்டுப்புறத்தான் ஒருவனின் தடுமாற்றமே அதன் கதை. புனேயில் 1964இல் தேசியத் திரைப்படக் காப்பகம் தோன்றியபின், பி.கே. நாயர் அரும்பாடுபட்டு மீட்டவற்றால்தான் பால்கேயின் படப்பகுதிகளையேனும் இன்று காண இயலுகிறது. இல்லங்களில் சுருள்களைப் பேணிய ஆயிரம் பற்றாளர்கள் இங்கு இருந்திருப்பின், இழப்பின் அளவு குறைந்திருக்கக்கூடும். பற்றை எளிதில் இகழலாகாது என்பதற்கு இவ்வெறுமை ஒரு சான்றாகும்.

முடிவுரை

பேசாப்பட நகைச்சுவை சேகரிப்பாளரை ஈர்ப்பது அதன் அருமையால் மட்டுமன்று. மீண்டும் நிகழாத உடற்செயலின் மெய்ம்மையும், துண்டாயினும் நிறைவு தரும் இயல்பும், பிறர் ஒதுக்கியதைக் கண்டறியும் மகிழ்வும் அதில் உள்ளன. இவ்வீர்ப்பே பல படங்களைக் காத்தது. ஆயினும் அந்நகை கூட்டத்திற்கென ஆக்கப்பட்டது. ஆதலால் படிகள் குறையுந்தோறும் வைத்திருப்பவரின் உரிமை சுருங்கிக் கடமை விரிகிறது. தானும் துய்க்காது பிறர்க்கும் ஈயாது வைத்த பொருளைத் திருக்குறள் 'நன்றியில் செல்வம்' எனத் தனி அதிகாரமாக்கிப் பேசுகிறது. நகைச்சுவைச் சுருளைப் பொறுத்தவரை இவ்விரண்டும் இருவேறு செயல்கள் அல்ல. அதனை ஈயாதவர் முழுமையாகத் துய்க்கவும் இயலாது. தம் அறையில் விளக்கணைத்துத் தனியே பார்ப்பவர் படத்தைக் காண்கிறார். அதற்கென ஆக்கப்பட்ட சிரிப்பைக் கேட்பதில்லை. அச்சிரிப்பைக் கேட்க விரும்பும் சேகரிப்பாளர் தம் கதவைத் திறந்தேயாக வேண்டும்.